லீவு எடுத்தால் கிளையன்ட் போய்விடுவாரா? ஃப்ரீலான்சர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் 2014-லிருந்து ஃப்ரீலான்சராக, அதாவது எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக, வெளிநாட்டுச் சின்னக் கடைகளின் இணையதளங்களைப் பராமரித்துக் கொடுக்கிறேன். இருப்பது திருநெல்வேலியில். அமெரிக்காவில் மூன்று, இங்கிலாந்தில் இரண்டு என்று நிரந்தரக் கிளையன்ட்கள். மீதி நேரத்துக்கு ஃப்ரீலான்சர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்துவைக்கும் அப்வொர்க், ஃபைவர் தளங்கள். முதல் நான்கு வருடம் ஒரு நாள்கூட முழு லீவு எடுத்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உண்டு. இப்போது வருடத்துக்கு மூன்று வாரம் எடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி, தங்கைகள் போன் செய்தால் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

லீவு எடுத்தால் கிளையன்ட் வேறு ஆளைப் பிடித்துவிட மாட்டாரா?

சொல்லிவிட்டு லீவில் போனவரைக் கிளையன்ட் கைவிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. சொல்லாமல் மூன்று நாள் காணாமல் போனவரிடம் கிளையன்ட் திரும்பி வந்ததைப் பார்த்ததே இல்லை.

அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். உங்களை நேரில் பார்த்ததில்லை. ஒரு சின்ன போட்டோவும், நாலு ரிவ்யூவும் மட்டும்தான் தெரியும். அதை நம்பித் தன் கடையின் சாவியைக் கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு கேள்வி கேட்கிறார், பதில் இல்லை. புதனும் இல்லை. நீங்கள் மச்சான் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆள் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைப்பார். வியாழக்கிழமை வேறு ஆள் தேடத் தொடங்கிவிடுவார். அவர்மேல் தப்பில்லை.

எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? என்ன எழுதுவது?

ஒரு நாள் லீவு என்றால் ஒரு வாரம் முன்னால். ஒரு வாரம் என்றால் ஒரு மாதம் முன்னால். அப்புறம் கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு ஞாபகப்படுத்தல், முந்தின நாள் இரண்டு வரி. மூன்று முறை சொல்வது அதிகமாகத் தோன்றும். ஆனால் முதல் மெயிலை அவர் படித்துவிட்டு மறந்திருப்பார்.

எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் எல்லாரும் ஆறாம் வகுப்பில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று லீவு லெட்டர் எழுதப் பழகியவர்கள். முப்பது வயதிலும் கிளையன்ட்டுக்கு அதே குரலில்தான் எழுதுகிறோம்: தயவுசெய்து அனுமதி தாருங்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும், என் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். அவர் உங்கள் ஹெட்மாஸ்டர் இல்லை. அனுமதி கேட்டால் அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் வேலையை நீங்களே அவர் தலையில் வைக்கிறீர்கள்.

எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருக்க மாட்டேன். போவதற்கு முன் இன்னின்ன வேலை முடிந்திருக்கும். இன்ன வேலை வந்த பிறகுதான். அவசரம் என்றால் இப்படித் தொடர்புகொள்ளலாம், அல்லது தொடர்புகொள்ள முடியாது. இவ்வளவு போதும். தேதியை அவருடைய நேரப்படி எழுதுங்கள். 'வெள்ளிக்கிழமை வரை இருப்பேன்' என்று நீங்கள் எழுதி, நியூயார்க்கில் இருக்கும் அவருக்குக் கோடையில் வெள்ளி மாலை ஆறு மணி ஆகும்போது உங்களுக்குச் சனிக்கிழமை அதிகாலை மூன்றரை. இந்த ஒரு குழப்பத்தில் மட்டும் எத்தனை மனஸ்தாபம் வந்திருக்கும் என்று எண்ணவே முடியாது.

பொங்கல் என்றால் அவர்களுக்குத் தெரியாதே, எப்படி விளக்குவது?

விளக்க வேண்டாம். அறுவடைப் பண்டிகை, நான்கு நாள், குடும்பத்தோடு இருப்பேன் என்றால் முடிந்தது. தீபாவளி பெரும்பாலோருக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கும் குலதெய்வம் கோயில் கொடைக்கும் 'குடும்ப நிகழ்ச்சி' என்ற சொல்லே போதும். ஒருவர் மட்டும் என்னிடம் பொங்கல் எப்படி வைப்பார்கள் என்று கேட்டுத் தன் வீட்டில் செய்து பார்த்துப் படம் அனுப்பினார். அரிசி பாயசம்போல இருந்தது, அதைச் சொல்லவில்லை.

வருடத்தில் எப்போது எடுத்தால் நஷ்டம் குறைவு?

எந்த ஊர்க் கிளையன்ட், என்ன தொழில் என்பதைப் பொறுத்தது. நம் காலண்டரும் அவர்கள் காலண்டரும் ஒத்துப்போகாது. சில இடங்களில் நேருக்கு நேர் மோதும்.

மோசமான மோதல் தீபாவளி. அது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங், மறுநாள் பிளாக் ஃப்ரைடே என்கிற பெரிய தள்ளுபடி விற்பனை நாள். ஆன்லைனில் பொருள் விற்கிற கிளையன்ட்டுக்கு அதற்கு முந்தின ஒரு மாதம் நம்மூர் ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் மாதிரி. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 26. இடையில் இருப்பது 18 நாள்தான். அந்த வருடங்களில் நான் தீபாவளிக்கு இரண்டு நாள் மட்டும் எடுப்பேன், செப்டம்பரிலேயே சொல்லிவிடுவேன்.

பொங்கலும் கொஞ்சம் சங்கடம்தான். அவர்கள் புத்தாண்டு முடிந்து வேலைக்குத் திரும்பி, இந்த வருடம் இதைச் செய்யலாம் அதைச் செய்யலாம் என்று உற்சாகமாக இருக்கும் நேரம் ஜனவரி நடுப்பகுதி. புது வேலைகள் வருகிற காலம். நீங்களோ கரும்பு வாங்கப் போயிருப்பீர்கள்.

சரி, நல்ல காலம் எது? டிசம்பர் 20-க்கு மேல் ஜனவரி 2 வரை. அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டிலும் மெயிலுக்குப் பதில் போடவே ஆள் இருக்காது. நம் ஊரில் அரையாண்டுப் பரீட்சை லீவும் அப்போதுதான் வரும், பிள்ளைகளோடு வெளியூர் போகத் தோது. ஐரோப்பியக் கிளையன்ட்கள் என்றால் ஆகஸ்ட். பிரான்சிலும் இத்தாலியிலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பாதி அலுவலகங்கள் மூடியிருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. அமெரிக்கக் கிளையன்ட் மட்டும் வைத்திருப்பவருக்குத் திங்கட்கிழமைப் பகல் இலவச லீவு. நம் திங்கள் காலை அவர்களுக்கு ஞாயிறு இரவு. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் பத்தரை. ஆக, கோடையில் அவர்கள் வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கடையை மூடினால் நமக்குச் சனி அதிகாலை 3.30, திங்கள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் நமக்கு மாலை 6.30. நடுவில் 63 மணி நேரம். குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வரலாம், யாருக்கும் தெரியாது. மே மாதக் கடைசித் திங்களும் செப்டம்பர் முதல் திங்களும் அங்கே விடுமுறை. அந்த வாரங்களில் செவ்வாய் மாலை வரை நீளும்.

லீவு நாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பார்?

நீங்கள்தான். எங்கிருந்து கொடுப்பீர்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலோர் லீவை நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள்: 'ஒரு வாரம் போனால் இருபதாயிரம் போச்சு.' கணக்கு அப்படிப் போட்டால் எவனும் லீவு எடுக்க மாட்டான்.

அலுவலகத்தில் இருப்பவருக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவன ஊழியருக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், பண்டிகைகளுக்கு இன்னும் ஐந்து நாளும் சம்பளத்தோடு விடுமுறை. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் லீவு. முதலாளி இதைக் கருணையால் கொடுப்பதில்லை, வருடச் சம்பளத்தைப் போடும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். நீங்கள் முதலாளியும் ஊழியரும் ஒருசேர இருப்பதால் அந்தக் கணக்கை நீங்களே போட வேண்டும்.

365 நாளில் சனி, ஞாயிறு 104 போக 261. பண்டிகை 9, சொந்த லீவு 12, உடம்புக்கு முடியாத நாளுக்கு 10 என்று 31 நாளைக் கழியுங்கள். 230 நாள் மிச்சம். ஒரு நாளில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாலும் காசு வருகிற வேலை நான்கு மணி நேரம்தான் என்று வைப்போம் (மெயில், இன்வாய்ஸ், வேலை தேடல் எல்லாம் ஓசி). வருடத்துக்கு 920 மணி நேரம். உங்களுக்கு வருடத்துக்கு 9,60,000 ரூபாய் வேண்டும் என்றால் மணிக்கு 1,043 ரூபாய். லீவே எடுக்காமல் 261 நாள் என்று போட்டால் 1,044 மணி நேரம், மணிக்கு 920 ரூபாய். பெரும்பாலோர் இந்த 920-ஐத்தான் கேட்கிறார்கள். அப்புறம் லீவு எடுக்கும்போது தன் கையிலிருந்து போவதாக நினைத்து வருந்துகிறார்கள். மணிக்கு 123 ரூபாய் கூடக் கேட்டிருந்தால் அந்த 31 நாளும் சம்பளத்தோடு வந்திருக்கும். இதில் தளத்தின் கமிஷனும் வரியும் சேரவில்லை, அவை தனி.

ரேட்டை ஏற்றியது மட்டும் போதாது, ஏற்றியதைப் பத்திரமாக வைக்கவும் வேண்டும். வருகிற ஒவ்வொரு பேமென்ட்டிலும் 12 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். 261-இல் 31 நாள் என்றால் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை. என்னை எனக்குத் தெரியும்.

லீவு முடிந்து வந்த பிறகுதான் கை காய்கிறது. ஏன்?

பணம் தாமதமாக வருவதால். அப்வொர்க்கில் மணிக்கணக்கு வேலையின் வாரம் யூடிசி என்கிற உலகப் பொது நேரப்படி ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது, அதாவது நமக்குத் திங்கள் காலை ஐந்தரை. அந்த வாரக் காசு கைக்கு வருவது அந்த ஞாயிறிலிருந்து பத்து நாள் கழித்து, புதன்கிழமை. ஃபைவரில் வேலை முடிந்ததாகக் கணக்காகி, சாதாரண நிலையில் இருப்பவர்களுக்கு 14 நாள். அதனால் லீவில் இருக்கும்போது பழைய வேலையின் காசு வந்துகொண்டே இருக்கும், ஒன்றும் ஆகவில்லை என்று தாராளமாகச் செலவழிப்பீர்கள். ஓட்டை விழுவது திரும்பி வந்த பத்தாவது, பதினைந்தாவது நாளில். அதே நாளில் வண்டித் தவணையும் வரும். லீவுக்குக் காசு ஒதுக்கும்போது போகிற வாரத்துக்கு ஒதுக்காமல், வந்த பிறகு வரப்போகிற காய்ந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள்.

ஃபைவரில் 'அவுட் ஆஃப் ஆஃபீஸ்' போட்டுவிட்டால் போதுமா?

புது ஆர்டர் வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே கையில் இருக்கும் ஆர்டரின் கடிகாரம் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதைத் தெரியாமல் ஆர்டரை வைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போய், வந்து பார்த்தால் தாமதம் என்று சிவப்பில் இருந்த கதையைப் பலபேர் சொல்லியிருக்கிறார்கள்.

டெலிவரி செய்துவிட்டுக் கிளம்புவதும் முழுப் பாதுகாப்பு இல்லை. டெலிவரிக்குப் பிறகு வாங்கியவருக்கு மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் திருத்தம் கேட்டால் ஆர்டர் மறுபடி திறந்துகொள்ளும். ஆகவே கடைசி டெலிவரி கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் இருக்கட்டும். அவுட் ஆஃப் ஆஃபீஸையும் கிளம்பும் நாளில் போடாதீர்கள். உங்கள் கிக்கின் (ஃபைவரில் நீங்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் சேவையின்) டெலிவரி காலம் ஐந்து நாள் என்றால், அந்த நான்கோடு ஐந்தையும் கூட்டி, ஒன்பது நாள் முன்னால் போட்டுவிடுங்கள்.

அப்வொர்க்கில்?

மணிக்கணக்கு இல்லாமல் மொத்த விலை பேசிய வேலை என்றால் கிளம்புவதற்கு முன் வேலையை முறையாகச் சமர்ப்பித்துவிட்டுப் போங்கள். சாட்டில் ஃபைலை அனுப்பினால் அது சமர்ப்பித்ததாகாது, அதற்கான பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் 14 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும்; கிளையன்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். நீங்கள் கொடைக்கானலில் இருக்கும்போது அது உங்களுக்காக ஓடும்.

எதிர்ப்பக்கம் ஓடுகிற கடிகாரமும் ஒன்று உண்டு. வேலை முடியும்வரை தளம் பிடித்து வைத்திருக்கும் டெபாசிட் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி கிளையன்ட் கோரிக்கை வைத்தால் ஏழு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பணம் அவரிடம் போய்விடும். எனவே எவ்வளவு நீண்ட லீவானாலும் ஐந்து நாளைக்கு ஒருமுறை, காலை காபிக்கு முன் பத்து நிமிடம், அறிவிப்புகளை மட்டும் பார்த்துவிடுவது என் வழக்கம். மெசேஜுக்குப் பதில் போட மாட்டேன். இந்த விதிகளைத் தளங்கள் அவ்வப்போது மாற்றும், கிளம்பும் முன் உதவிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவால் ஸ்கோர் இறங்குமா?

அப்வொர்க்கின் ஜாப் சக்சஸ் ஸ்கோர், அதாவது உங்கள் வேலைக்குத் தளம் போடும் மதிப்பெண், 6, 12, 24 மாதக் கணக்குகளில் எது உங்களுக்கு நல்லதோ அதைக் காட்டுகிறது. முடித்த வேலைகள் எப்படி முடிந்தன என்பதுதான் அதற்கு முக்கியம். இரண்டு வாரம் சும்மா இருந்ததால் எனக்கு இறங்கியதில்லை. ஃபைவரில் திரும்பி வந்த முதல் பத்து நாள் விசாரிப்புகள் குறைவாக இருக்கும், பிறகு சரியாகிவிடும். அந்தப் பத்து நாளில் பதறிப்போய் விலையைப் பாதியாக்கிவிடாதீர்கள்.

லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் என்ன?

எடுத்துக்கொண்டு போன கதையைச் சொல்கிறேன்.

எங்கள் குலதெய்வம் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டில் இருக்கும் சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் மொத்தமும் போவோம். ஒரு வருடம் லேப்டாப் பையையும் வேனில் ஏற்றினேன். 'சாமி கும்பிடப் போற இடத்துக்கு இது எதுக்குல?' என்றாள் ஆச்சி. அவசரத்துக்கு என்றேன்.

மாலை ஆறரை மணிக்கு அவசரம் வந்தது. அமெரிக்கக் கடை ஒன்றில் காசு கட்டும் பக்கம் திறக்கவில்லை. கோயில் இருந்த பள்ளத்தில் சிக்னல் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செம்மணல் மேட்டில் ஏறினேன். தேரி மணலில் ஓர் அடி ஏறினால் அரை அடி சறுக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு பனைமரத்தடியில் ஹாட்ஸ்பாட் இரண்டு கட்டை காட்டியது. சார்ஜ் 18 சதவீதம். இரண்டு கிளையன்ட்களின் தளங்கள் பிரவுசரில் இரண்டு டேப்களில் திறந்திருந்தன. கீழே பானை பொங்கிவிட்டது, குலவைச் சத்தம் கேட்கிறது, 'எங்கல அவன்?' என்று மாமா கூப்பிடுகிறார். திரும்பிப் பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டிய வரியை மாற்றிச் சேமித்தேன். அமெரிக்கக் கடையில் இல்லை, இங்கிலாந்துக் கடையில். அங்கே அப்போது மதிய நேர வியாபாரம். ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடையும் நின்றது. என்ன செய்தேன் என்று கண்டுபிடித்துத் திருப்புவதற்கு நாற்பது நிமிடம்.

இறங்கி வந்தபோது பொங்கலை இலையில் போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அந்த மாதக் கட்டணத்தில் பாதியை இங்கிலாந்துக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தேன், அவர் கேட்காமலே. அமெரிக்கக் கடையின் பிரச்சினைக்குக் காரணம் அவர்களுடைய பணப் பரிமாற்ற நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறு என்று பிறகு தெரிந்தது; நான் மேட்டில் ஏறியே இருக்க வேண்டாம்.

அரை லீவு எடுத்தால் லீவும் இல்லை, வேலையும் இல்லை. வேலை செய்வதானால் வீட்டில் மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். போவதானால் லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வெளியூரில் தங்கி வேலை பார்ப்பது வேறு. ஒரு மாதம் போடியில் நண்பன் வீட்டு மாடியில் இருந்து வேலை பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அதை லீவுக் கணக்கில் எழுதவில்லை.

நான் இல்லாதபோது நண்பரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

நேரடிக் கிளையன்ட் என்றால் தாராளமாக. முன்கூட்டியே அறிமுகம் செய்து, அவசரத்துக்கு இவரைக் கூப்பிடலாம், மணிக்கு இவ்வளவு என்று மூவரும் பேசிக்கொள்ளுங்கள். நானும் மதுரையில் இருக்கும் ஒருவரும் இப்படி ஐந்து வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். அவர் ரம்ஜானுக்கு நான், என் பொங்கலுக்கு அவர். 'கிளையன்ட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்?' என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவரிடம் ஏன் ஒப்படைக்கிறீர்கள்?

தளங்களில் இது நடக்காது. உங்கள் பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுத்து உங்கள் கணக்கில் உட்கார வைப்பது விதிமீறல். மாட்டினால் கணக்கே போய்விடும், பல வருட ரிவ்யூக்களோடு.

திடீரென்று காய்ச்சல், அல்லது வீட்டில் ஒரு துக்கம். அப்போது?

இரண்டு வரி. 'குடும்பத்தில் ஒரு மரணம். இன்ன தேதி வரை வேலை செய்ய இயலாது.' விவரம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் வரை ஆகுமென்றால் அந்தத் தேதியையே கொடுங்கள். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு நான்கு முறை நீட்டிப்பதுதான் அலுப்பு.

அந்த நேரத்தில் அந்த இரண்டு வரியைக்கூட எழுத வராது. அதனால் போன் குறிப்பில் ஆங்கிலத்தில் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், தேதியை மட்டும் நிரப்ப வேண்டும். நேரடிக் கிளையன்ட்களின் மெயில் முகவரிகள் என் மனைவியிடமும் இருக்கின்றன. 2021-இல் நான் கொரோனாவில் படுத்தபோது அவள்தான் அனுப்பினாள். ஐந்து பேரும் பதில் போட்டார்கள், ஒருவர் ஒரு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே அனுப்பினார்.

பிரசவத்துக்கு எவ்வளவு நாள் எடுக்க முடியும்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் இருக்கும் பெண்ணுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நமக்கு அதில் ஒரு நாளும் இல்லை. இந்தத் தொழிலின் உண்மையான குறை இது, இனிப்புத் தடவிச் சொல்ல ஒன்றுமில்லை.

என் தங்கையும் இதே தொழில்தான், எழுத்துத் திருத்தும் வேலை. நான்காம் மாதத்திலேயே கணக்குப் போட்டு, ஒன்பதாம் மாதத்துக்குள் ஐந்து மாத வீட்டுச் செலவைச் சேர்த்தாள். அந்த நாட்களில் புதுக் கிளையன்ட் பிடிக்கவில்லை. இருப்பவர்களில் நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, எட்டாம் மாதம் அவர்களுக்குத் தேதி சொன்னாள். திரும்பும் தேதியைச் சொல்லவில்லை. 'குழந்தைக்கு ஐந்தாம் மாதம் ஆகும்போது எழுதுகிறேன்' என்றாள். நான்கில் இருவர் காத்திருந்தார்கள். திரும்பியபோது முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான், அதுவும் அம்மா வீட்டில் இருந்ததால். குழந்தை தூங்கும்போது வேலை செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவர்கள் குழந்தை வளர்த்தவர்கள் இல்லை.

ஜிஎஸ்டி, வரிக்கெல்லாம் லீவு உண்டா?

கிடையாது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், ஒரு மாதம் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற சுருக்க ரிட்டர்ன் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள். தவறினால் பூஜ்ய ரிட்டர்னுக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய், மற்றதற்கு 50. அந்த மாதம் விற்பனையும் இல்லை, வாங்கியதும் இல்லை என்றால் 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியே பூஜ்ய 3பி-யைத் தாக்கல் செய்துவிடலாம். வெளிநாட்டுக்கு இன்வாய்ஸ் போட்டிருந்தால் அது பூஜ்யம் இல்லை, கவனம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரமான எல்யூடி-யை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுப்பிக்க வேண்டும். மார்ச் கடைசியில் லீவு போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

வருமான வரியில் 44ஏடிஏ என்று நாம் பழகிய, வரவில் ஒரு பங்கையே வருமானமாக வைத்துக்கொள்ளும் உத்தேச வருமான முறையில் இருப்பவர் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) முழுவதையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். பிப்ரவரியில் லீவுக் கணக்கைக் காலி செய்துவிட்டு மார்ச்சில் முழிக்க வேண்டாம்.

வீட்டில் நான் தினமும் லீவில் இருப்பதாகவே நினைக்கிறார்கள். என்ன செய்வது?

கேஸ் சிலிண்டர் வாங்கி வை, ரேஷன் கடையில் கூட்டமா பார், பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. நீ வீட்டில்தானே இருக்கிறாய்! இதற்கு நான் கண்ட ஒரே வழி, நிஜமாகவே லீவு எடுத்து, அதை வீட்டிலும் அறிவிப்பது. ஹால் காலண்டரில் என் லீவு நாட்களைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு வைத்தேன். வட்டம் இல்லாத நாள் வேலை நாள். ஆறு மாதத்தில் அம்மா வட்டத்தைப் பார்த்துப் பெரியப்பாவுக்குத் தேதி கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

மாதாந்திர மின்தடை நாளை லீவாக வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரன்ட் இருக்காது என்று எப்படியும் முன்னாலேயே பேப்பரில் வந்துவிடும். அன்று இன்வெர்ட்டரோடும் ஹாட்ஸ்பாட்டோடும் போராடி முடிக்கிற வேலை, மறுநாள் இரண்டு மணி நேர வேலை. நான் அன்று பல் டாக்டர், வங்கி, வண்டி சர்வீஸ் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.

திரும்பி வரும் நாளை எப்படி வைப்பது?

நிஜமாகத் திரும்பும் நாளைவிட ஒரு நாள் தள்ளிச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு பஸ்ஸில் வந்து இறங்கினால், கிளையன்ட்டிடம் சொன்ன தேதி செவ்வாய். திங்கட்கிழமை துணி துவைக்கவும், மெயில்களைப் பதில் போடாமல் படிக்கவும். பதிலே தேவைப்படாமல் தானாகத் தீர்ந்துபோனவை பாதி இருக்கும். அவற்றை முதலில் ஒதுக்கிவிட்டால் செவ்வாய்க்கு மிஞ்சுவது ஏழெட்டுதான். அவர் திங்களன்றே அவசரம் என்று எழுதியிருந்தாலும் பதில் செவ்வாய்தான் போகும். ஒருமுறை திங்களில் பதில் போட்டுவிட்டால், அடுத்த லீவுக்கு நீங்கள் சொல்கிற தேதியை அவர் நம்ப மாட்டார்.